ஊர் நடுவே ஓர் அரங்கம்: அரசுப் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (புதுச்சேரி, கடலூர்)

புதுச்சேரி புல்வார் பகுதியிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் கடைகள் கூடுகின்றன, தங்கும் விடுதிகள் கூடுகின்றன. ஒத்திகை பார்க்க ஓர் அறை கிடைப்பதுதான் வருடத்துக்கு வருடம் சிரமமாகிறது. சபாக்கள், நாடகக் குழுக்கள், கூத்து ஜமாக்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை.

கலையரங்கம் கட்டித் தருவது யாருடைய வேலை?

சட்டப்படி பார்த்தால் நகராட்சியின் வேலை. 1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அதில் 13-ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை வளர்ப்பது. ஆனால் பட்டியலில் இருப்பதும் பணம் இருப்பதும் வேறு வேறு. நடைமுறையில் பணம் மாநில (புதுச்சேரியில் யூனியன் பிரதேச) கலை பண்பாட்டுத் துறையிடமும் சுற்றுலாத் துறையிடமும் பொதுப்பணித் துறையிடமும் இருக்கிறது. நிலம் மட்டும் பெரும்பாலும் நகராட்சியிடமோ வருவாய்த் துறையிடமோ இருக்கும். ஆகவே ஒரே அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நகராது.

இரண்டு ஊருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகி, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தோடு இயங்குகிறது. வார்டு உறுப்பினரைப் பிடித்து மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். புதுச்சேரியில் 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின், நீண்ட காலம் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் பொறுப்பில் நகராட்சி நடந்திருக்கிறது. அங்கே தொகுதி எம்.எல்.ஏ.வும் துறை இயக்குநரும்தான் வாசல்.

பணம் எங்கிருந்தெல்லாம் வரலாம்?

முதலில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகம். அதன் கலா சம்ஸ்கிருதி விகாஸ் யோஜனாவின் (கலை பண்பாட்டு வளர்ச்சித் திட்டம்) கீழ்ப் பல கிளைத் திட்டங்கள் உள்ளன. பெரிய அரங்க வளாகத்துக்கு தாகூர் பண்பாட்டு வளாகத் திட்டம்: வழக்கமான உச்சவரம்பு 15 கோடி ரூபாய், மத்திய அரசு 60 விழுக்காடு, மீதி 40 மாநிலமோ விண்ணப்பிக்கும் அமைப்போ போட வேண்டும். சின்ன அளவில் சொந்தக் கட்டடமோ ஸ்டூடியோ அரங்கமோ கட்டும் தொண்டு அமைப்புகளுக்குக் கட்டட மானியம் தனியாக உண்டு. அதன் உச்சம் பெருநகரங்களில் 50 லட்சம், மற்ற ஊர்களில் 25 லட்சம். நிகழ்ச்சி நடத்த, புதுத் தயாரிப்பு மேடையேற்ற 5 லட்சம் வரை ஒரு மானியம். குரு-சிஷ்ய முறையில் இயங்கும் குழுக்களுக்கு மாத உதவி. குருவுக்கு 15,000 ரூபாய். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். பழைய பிடிஎஃப்பை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிக்கையைப் பாருங்கள்.

அடுத்து நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்பதால் இரண்டு கதவுகளைத் தட்டலாம். இந்தப் பணத்தில் நிலையான பொதுச் சொத்துதான் உருவாக்க முடியும்: மேடை, கூரை, கழிப்பறை சரி, சம்பளம், மின்கட்டணம் கூடாது. கோயில் வளாகத்துக்குள் கேட்டால் மனு அப்படியே திரும்பிவிடும்.

கடலூரில் இன்னும் இரண்டு வழி. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட்டால் மீதியை அரசு போடும். படிப்பகம், பூங்காத் திறந்த மேடை போன்ற சின்ன வேலைகளுக்கு இது தோதானது. 15-ஆவது நிதிக்குழு (2021-26) உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பணம். மீதி 40-ஐத்தான் மன்றம் தன் விருப்பப்படி உள்ளூர்த் தேவைக்குச் செலவிட முடிந்தது. அந்த 40-க்குச் சாலைக்காரர்களோடு மோத வேண்டியிருந்தது, பெரும்பாலும் சாலைதான் ஜெயித்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் நிதிக்குழுப் பகிர்வு அதற்குக் கிடையாது.

பிறகு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்). கம்பெனிகள் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு, பொது நூலகம், மரபுக் கலைகள் ஆகியவை வெளிப்படையாக உள்ளன. நெய்வேலி சுரங்க நிறுவனமும் கடலூர் சிப்காட் ஆலைகளும் இருக்கும் வட்டாரம் இது. தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றே சட்டம் சொல்வதால், கேட்கத் தயங்க வேண்டாம்.

ஸ்மார்ட் சிட்டி பற்றி இன்னும் கேட்கிறார்கள். புதுச்சேரி 2017-இல் தேர்வான நகரம். அந்த இயக்கம் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. புது மனுவுக்கு அங்கே இடமில்லை.

‘கலை’ என்ற தலைப்பில் பணம் இல்லை என்கிறார்களே?

அப்படியானால் வேறு தலைப்பில் தேடுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய நகர மன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அது மீண்டும் எழுந்தது கலை பண்பாட்டு நிதியில் அல்ல; உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் இடர் குறைப்புத் திட்டத்தில். வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் சீரானது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில். பேரிடர், சுற்றுலா, நகர்ப்புற மேம்பாடு, பள்ளிக் கல்வி என்று தலைப்பு மாறினாலும் கட்டடம் ஒன்றுதான். புயல் காலத்தில் தங்குமிடமாகவும் மற்ற நாளில் அரங்கமாகவும் பயன்படும் கட்டடம் என்று கோப்பை எழுதினால், இந்தக் கடற்கரையில் அது பொய்யும் இல்லை.

நூலகத்துக்கு மட்டும் எப்படி விடாமல் பணம் வருகிறது?

தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி சேர்த்து வாங்கப்படுகிறது, வரியில் ரூபாய்க்கு 10 காசு. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம். கடலூரில் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தனி வரியாகத் தெரியும். நகரம் வளர வளர, கட்டடங்கள் கூடக் கூட, கேட்காமலே இந்த வருமானமும் வளரும். அரங்கத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ இப்படியொரு வரி இல்லை. அதனால்தான் அவை ஒவ்வோர் ஆண்டும் கையேந்தி நிற்கின்றன. (வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கின்றனவா என்பது வேறு சண்டை.) புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உட்பட நூலகங்களைக் கலை பண்பாட்டுத் துறையே நடத்துகிறது.

கட்டிமுடித்தபின் நடத்த எவ்வளவு ஆகும்?

யாரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட, திறந்துவைக்க, கல்வெட்டில் பெயர் போட ஆள் வருவார்கள். மின்கட்டணத்துக்குக் கல்வெட்டு வைப்பதில்லை.

6 கோடியில் கட்டிய 300 இருக்கை அரங்கம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் சுமார் 30 டன். விளக்கு, மைக் எல்லாம் சேர்த்து ஒரு நிகழ்ச்சிக்கு 200 யூனிட். மாதம் 25 நிகழ்ச்சி என்றால் 5,000 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 45,000. மூன்று ஷிஃப்ட் காவலர், இரண்டு துப்புரவாளர், ஒரு மேலாளர், ஒரு ஒலி-ஒளி ஆள்: 1,24,000. குளிர்சாதனம், ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி ஆகியவற்றின் பராமரிப்பு ஒப்பந்தம் 20,000. கட்டட மதிப்பில் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு பழுதுக்கு ஒதுக்கினால் மாதம் 75,000. மொத்தம் 2,64,000.

வரவு? 25 நாளில் 12 நாள் உள்ளூர்க் கலைக்குழுக்களுக்கு 4,000 வீதம், 13 நாள் நிறுவனங்களுக்கு 10,000 வீதம்: 1,78,000. துண்டு விழுவது மாதம் 86,000, ஆண்டுக்கு 10 லட்சத்து 32 ஆயிரம். இதிலும் 25 நாளும் நிரம்பும் என்று நம்பியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிகூட நிரம்பாது.

இந்தத் துண்டை யார் கட்டுவது என்பது அரசாணையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆண்டில் முதலில் நிற்பது பழுதுக்கான பணம். கூரை ஒழுகும், குளிர்சாதனம் நிற்கும், வாடகைக்கு ஆள் வருவது குறையும், வரவு இன்னும் சரியும். பூட்டிக் கிடக்கும் கலையரங்கங்கள் பலவற்றின் கதை இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது.

பட்ஜெட் புத்தகத்தில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. கட்டுமானம் 4202 என்ற மூலதனத் தலைப்பில் வரும். நடத்தும் செலவு 2205 என்ற கலை பண்பாட்டு வருவாய்த் தலைப்பில் வரும். 4202-இல் உங்கள் அரங்கத்தின் பெயர் இருந்து, 2205-இல் இல்லையென்றால், கட்டும்போதே எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.

புதிதாகக் கட்டலாமா, பழைய கட்டடத்தைச் சீர்செய்யலாமா?

ஊர் நடுவில் என்றால் பழையதையே பாருங்கள். காலி நிலம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை மிஞ்சும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதியில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம், கடல்பக்கம் கட்ட முடியாது. ‘பீச் ஓரமாக ஓர் ஆம்பி தியேட்டர்’ என்று வரும் படங்கள் பலவும் இங்கேயே விழுந்துவிடுகின்றன.

பழைய கட்டடத்தில் தவறு நடக்கும் இடம் மதிப்பீடு. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, கூரை தேக்கு உத்தரத்தின்மேல் சிறு செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். அவசரத்துக்கு சிமென்ட் பூசினால் சுவருக்குள் ஈரம் சிக்கி, உப்பு பூத்து, இரண்டு மழைக்குள் பூச்சு செங்கல் முகத்தோடு பெயர்ந்து வரும். சுண்ணாம்பு வேலைக்கு அரசு விலைப்பட்டியலில் விலை இல்லாவிட்டால், சந்தை விலைப் பகுப்பாய்வு தனியாகப் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பல வாரம் ஆகும் என்பதால்தான் பொறியாளர்கள் சிமென்ட்டையே எழுதிவிடுகிறார்கள். மதிப்பீடு தயாராகும்போதே பாரம்பரியக் கட்டட அனுபவமுள்ள ஒருவர் உடனிருந்தால் இதைத் தவிர்க்கலாம். புதுச்சேரியில், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் கிளை அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

வரைபடத்தில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

மேடைத் தளத்தை. டைல்ஸோ கிரானைட்டோ போட்டுவிட்டால் நாட்டியக்காரர்களின் முழங்கால் போய்விடும். அடியில் காற்று இடைவெளி விட்ட மரச்சட்டத்தின்மேல் பலகைத் தளம் கேளுங்கள். அகலம் 36 அடி, ஆழம் 24 அடி இருந்தால் பரதமும் நாடகமும் ஆடலாம். மேடை உயரம் 3 அடி என்றால், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 கணக்கில் 36 அடி நீளம் வேண்டும். அதைக் கடைசியில் நுழைக்க முடியாமல் செங்குத்தாகப் போட்டு, யாரும் ஏற முடியாத சாய்தளமாக நிற்பதை எத்தனையோ அரங்கங்களில் காணலாம். மேடைக்குப் பின்னால் வேன் வந்து நிற்க வழி, 8 அடி அகலக் கதவு, ஆண் பெண் தனித்தனி ஒப்பனை அறை, அதற்குள்ளேயே கழிப்பறை. எதிரொலி நேரம் (எழுந்த ஒலி அரங்கில் அடங்க எடுக்கும் நேரம்) ஒரு நொடிக்குப் பக்கத்தில் இருந்தால் பேச்சு தெளியும்.

மின் பலகையும் ஜெனரேட்டரும் தரைத்தளத்தில் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. மேடைச் சாமான் கிடங்கும் அப்படியே, மேலே.

கூத்துக்கு அரங்கம் வேண்டுமா?

வேண்டாம், திடல் வேண்டும். தெருக்கூத்தை 300 நாற்காலி முன்னால் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்குவது அரசு விழாவுக்கு மட்டும் சரி. ஒரு மண்தரைத் திடல், மூன்று ஃபேஸ் மின் இணைப்பு, வேஷம் கட்ட மறைவான ஓர் அறை, குடிநீர், கழிப்பறை போதும். செலவு அரங்கத்தின் பக்கத்தில்கூட வராது. சிக்கல் ஒலிபெருக்கியில். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநிலம் ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். விடிய விடிய ஆடும் கூத்துக்கு அதுவும் பத்தாது என்பதால், 12 மணிக்குமேல் ஒலிபெருக்கி இல்லாமல் பாடிய பழைய முறைக்கே சில ஜமாக்கள் திரும்ப வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் பணம் சேருமே?

சேரும். முகூர்த்த நாளெல்லாம் போய்விடும், சாம்பார் வாடை திரைச்சீலையை விட்டுப் போகாது. ஐந்து வருடத்தில் அது மண்டபம்தான்.

தனியாரிடம் நிர்வாகத்தைக் கொடுக்கலாமா?

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருந்தால் கொடுக்கலாம்: உள்ளூர்க் குழுக்களுக்கு ஒதுக்கிய நாட்களின் எண்ணிக்கை (வார இறுதி நாட்களும் அதில் சேர வேண்டும், செவ்வாய் காலையை மட்டும் ஒதுக்கினால் ஏமாற்று), அந்த நாட்களுக்கான வாடகை உச்சவரம்பு, பெரிய பழுது யார் கணக்கில் என்பது.

எங்கள் சபா மத்திய மானியத்துக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்?

பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், ஆடிட்டர் கையெழுத்திட்ட மூன்று ஆண்டுக் கணக்கு, பான், தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்ப்பண் தளப் பதிவு எண், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு. கட்டடம் என்றால் நிலத்தின் பட்டா அல்லது நீண்ட காலக் குத்தகைப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற வரைபடம், மதிப்பீடு, உங்கள் பங்குத் தொகை இருப்பதற்கான ஆதாரம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குப் போனால் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் கேட்பார்கள்.

மனு விழும் இடம் பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம். 2006-க்கு முன் பதிவான சங்கங்களின் சான்றிதழில் பாண்டிச்சேரி என்றும், பின்னால் எடுத்த பானில் புதுச்சேரி என்றும் இருக்கும். வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல். இணையதளம் ஏற்காது. விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள். பதிவாளர் அலுவலகத்தில் பெயர்த் திருத்தத்துக்குப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும், அது ஒரு நாள் வேலை அல்ல.

கட்டடம் வேண்டாம், நிகழ்ச்சி நடத்தத்தான் பணம் வேண்டும்.

மேலே சொன்ன 5 லட்சம் வரையிலான மானியம், தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் (தமிழ்நாடும் புதுச்சேரியும் இரண்டுமே அதன் உறுப்பினர்கள்), கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். வரி பற்றி: 500 ரூபாய் வரையிலான நாடக, நாட்டிய நுழைவுச் சீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சம் வரை இருந்தால் அதற்கும் இல்லை. அரங்க வாடகைக்கு உண்டு; பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

எப்போது கேட்க வேண்டும்?

துறைகள் அடுத்த ஆண்டு மதிப்பீட்டைத் தயாரிப்பது ஏறக்குறைய புரட்டாசியிலிருந்து மார்கழி வரை. பட்ஜெட் வாசித்தபின் மனு கொடுப்பவர் ஓராண்டு தாமதமாக வந்தவர். புதுச்சேரியில் பட்ஜெட்டுக்கு மத்திய ஒப்புதல் வேண்டும் என்பதால், சில ஆண்டுகளில் முழு பட்ஜெட் வர ஆகஸ்ட்டும் ஆகியிருக்கிறது. பிறகு டெண்டர் விட்டு மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும், நடுவில் மழைக்காலம். அதனால் வரைபடம், மண் பரிசோதனை, நில ஆவணம் மூன்றையும் பணம் வரும் முன்பே முடித்து வைத்திருக்கும் திட்டத்துக்குத்தான் ஒதுக்கீடு நிஜமாகச் செலவாகும்.

முதல் தவணை வந்தது, இரண்டாவது வரவில்லை. ஏன்?

பயன்பாட்டுச் சான்றிதழ் போயிருக்காது, அல்லது தவறாகப் போயிருக்கும். மத்திய மானியத்துக்கு 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தால் இது அரை நாள் வேலை. சபாவின் கச்சேரி வரவோடு கலந்துவிட்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அந்தக் கணக்கில் சேர்ந்த வட்டியையும் காட்ட வேண்டும். ஒப்புதல் தந்த தலைப்பை மாற்றிச் செலவழித்திருந்தால் (நாற்காலிக்கு வந்த பணத்தில் ஸ்பீக்கர் வாங்குவது மாதிரி) அந்தத் தொகை நிராகரிக்கப்படும், எவ்வளவு நியாயமான தேவையாக இருந்தாலும்.

எல்லாம் சரியாக அனுப்பியும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். ‘என் மனு என்ன ஆயிற்று’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று 30 நாளில் பதில் வரும். நகல் கேட்டால் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து, என்ன ஆட்சேபணையோடு நிற்கிறது என்பது தெரியும்.